அடுத்த வசனம் கோதைக்கு

முடிவைச் சொல்லிடாதீங்கம்மா. நீங்க சொல்லணும்னு இல்ல, உங்க முகமே சொல்லிடும் போலிருக்கு. அதான் முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

எட்டியெல்லாம் பாக்கலைங்க. டிக்கெட் காட்டும்போது போனை மடியில வெச்சீங்கல்ல, அப்ப கண்ணுல பட்டுச்சு. கதவுப் படம் போட்டிருந்துச்சு. 'கதவுக்கு அந்தப் பக்கம்.' வாசற்படிங்கிற பேர்ல ஒருத்தர் எழுதுற தொடர்கதை. கடைசிப் பாகம் இன்னிக்குக் காலையில வரணும். வந்துடுச்சுபோல. கொடுமுடியில ஏறுனதுலேருந்து நீங்க ஜன்னல் பக்கமே திரும்பல.

இந்தக் கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கிறீங்க. தெரியாம என்னம்மா? அந்தக் கதையில கோதைக்கு ஒரு அண்ணன் வர்றான்ல? கீழ கமெண்ட்ல ஆயிரம் பேர் மண்ணை வாரித் தூத்துறாங்கல்ல, 'இவன் விளங்குவானா'ன்னு? அந்த அண்ணன் நான்தான்.

தள்ளி உக்காராதீங்க, கடிக்க மாட்டேன்.

பேரு நாகசுந்தரம். ஊரு திருச்சி. ஒரு ஃபேக்டரியில ஸ்டோர்ஸ் பாத்துட்டு ரிட்டயர் ஆனவன். காதுக்குப் பின்னாடி ரோஸ் கலர்ல என்னமோ அப்பியிருக்கேன்னு நெனச்சிருப்பீங்க. தோல் வியாதி இல்ல, மேக்கப்பு. நேத்து மத்தியானம் ஈரோட்டுல நாடகம். சரியாக் கழுவல. கழுவணும்னு தோணல. கூட வந்தவங்க எல்லாரும் வேன்ல போயிட்டாங்க. நான் வரலைன்னுட்டேன். அவங்க மூஞ்சியில முழிக்க முடியலம்மா.

எங்கிட்ட இருக்கறது பட்டன் போன். அதுல கதையெல்லாம் வராது. அதனால நீங்கதான் அந்தக் கடைசிப் பாகத்தை எனக்கு வாசிச்சுக் காட்டணும். இப்ப வேணாம். குளித்தலையிலதானே இறங்குறீங்க? நேரம் இருக்கு. முதல்ல என் பக்கத்தைக் கேளுங்க. அந்தக் கதையில நாப்பத்தேழு பாகமா அவ பக்கத்தை மட்டும்தானே கேட்டிருக்கீங்க?

எங்க ஃபேக்டரி மனமகிழ் மன்றத்துல ஒரு நாடகக் குழு. இருபத்தேழு வருஷமா ஒரே நாடகத்தைப் போடுறோம். வேற ரெண்டு மூணு போட்டுப் பாத்தோம், எடுபடல. 'வீட்டுக்கு மூத்தவன்' மட்டும் நின்னுடுச்சு. கதை, வசனம், இயக்கம், மூத்தவனா நடிப்பு, எல்லாம் அடியேன்.

கதை ஒண்ணும் பெருசு இல்ல. அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன் ஒருத்தன், தங்கச்சி கோதை. அண்ணன் மாப்பிள்ளை பாக்குறான். கோதை எனக்குக் கல்யாணம் வேணாம், எனக்குன்னு ஒரு ஆசை இருக்கு, அதைப் பாக்கப் போறேங்கிறா. ரெண்டாவது சீன் கடைசியில பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசப்படி தாண்டுறா. அப்ப நான் சொல்லணும். "போறவ போகட்டும். கதவைச் சாத்து." யாருகிட்டயும் இல்ல, எனக்கு நானே சொல்லிக்கிறது. சொல்லிட்டு நானே நாலு எட்டு வெச்சு, வலது கையால ஒரே அடி. கதவு சாத்தும். படுதா விழும். கைதட்டு! அந்தக் கைதட்டு இருக்கே, படுதாவுக்குப் பின்னாடி நின்னு கேட்டாத்தான் தெரியும். ஆம்பளைங்க எந்திரிச்சு நின்னு தட்டுவாங்க.

அதோட கோதை முடிஞ்சா. மிச்ச ரெண்டு சீனும் அண்ணனோட தியாகம். போனவ எங்க போனா, என்ன ஆனா, இருபத்தஞ்சு வருஷமா ஒரு ஆள் கேக்கல. நானும் யோசிச்சதில்ல. கோதையா நடிக்கிற பொண்ணு ரெண்டாவது சீன் முடிஞ்சதும் முகத்தைக் கழுவிக்கிட்டு பஸ் ஏறிப் போயிடும். அவ்வளவுதான் கோதை.

எங்க குழுவுல லைட்டு பாக்குறவன் எபினேசர். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவன்தான் நாடகத்தைப் படம் புடிச்சு இன்டர்நெட்டுல போட்டான். ஞாபகத்துக்கு இருக்கட்டும்ணேன்னான். போட்ட ஆறு மாசத்துல ஆரம்பிச்சுது. ஃபேன் ஃபிக்‌ஷனாம்ல? அடுத்தவன் எழுதின கதையிலேருந்து ஒரு ஆளைத் தூக்கிக்கிட்டுப் போய், இவங்க இஷ்டத்துக்கு மேல எழுதுறது. உங்களுக்குத் தெரியும், உங்களுக்குப் போய்ச் சொல்றேன் பாருங்க.

எல்லாருக்கும் கோதைதான் வேணும். ஒருத்தி அவளைக் கலெக்டர் ஆக்கிட்டா. ஒருத்தி துபாய்க்கு அனுப்பிட்டா. இன்னொருத்தி அவளைக் கெணத்துல தள்ளி, பேயா எழுப்பி, என்னைக் கொன்னுட்டா. என்னை மட்டும் மூணு விதமாக் கொன்னிருக்காங்கம்மா. ஆனா ஒண்ணு மாறல. எந்தக் கதையை எடுத்தாலும் அதே வாசப்படியிலதான் ஆரம்பிக்கும். அவ பெட்டியைத் தூக்குவா, நான் கதவைச் சாத்துவேன்.

எபினேசர்கிட்ட சத்தம் போட்டேன். "கற்பனை இருந்தா சொந்தமா எழுத வேண்டியதுதானே? எதுக்குடா என் ஆளை எடுக்குறாங்க?"

அவன் லைட்டுக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொல்றான். "நீங்க மட்டும் என்னண்ணே? ஒரே சீனை நானூறு தடவை போடலையா? போன தடவை நின்ன மாதிரி இந்தத் தடவை நிக்கிறதில்ல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தித்தானே போடுறீங்க? அவங்களும் உங்க நாடகத்தைத்தான் போடுறாங்க. மேடை இல்ல, அதனால எழுத்துல போடுறாங்க."

நல்லாத்தான் பேசுறான். லைட்டை மட்டும் ஒழுங்கா அடிக்க மாட்டான்.

சரி, எழுதிட்டுப் போகட்டும்னு விட்டேன். விட்டது தப்பாப் போச்சு. போன வருஷம் பட்டுக்கோட்டையில போட்டோம். ஹால்ல பாத்தா பூரா உங்க வயசுப் பொண்ணுங்க. எங்க நாடகத்துக்கு இந்த வயசுல ஆள் வந்து நான் பாத்ததில்ல. சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டாவது சீன். கோதை போறா. நான் "போறவ போகட்டும்"னு ஆரம்பிக்கிறேன், கீழேருந்து ஒரு பொண்ணு கத்துது, "அண்ணே, சாத்தாதீங்கண்ணே!" கூட நாலு பேர் கத்துறாங்க. நான் சாத்திட்டேன். படுதா விழுந்துச்சு. ஒரு கைதட்டு இல்ல. ஒண்ணு கூட இல்லம்மா. நானூறு ஷோ சேத்து வெச்ச கைதட்டு, போச்சு. அதுலேருந்து எந்த ஊர்லயும் இல்ல.

அதுதான் என் வருத்தம். கைதட்டு போனதுதான் என் வருத்தம்னு வெச்சுக்கங்க.

இதுக்கெல்லாம் நடுவுல இந்த வாசற்படி எழுத ஆரம்பிச்சுது. ஒத்திகை நடக்கற எடத்துல எபினேசர் போனைப் பாத்து வாசிப்பான், நாங்க சுத்தி உக்காந்து கேப்போம். முதல் எட்டுப் பாகம் நல்லாத்தான் இருந்துச்சு. கலெக்டர், பேய்னு ஒண்ணும் இல்ல. கோதை பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா, ஹாஸ்டல்ல இடம் தேடுறா, இப்படி. ஒன்பதாம் பாகத்துல எனக்குத் தூக்கிப் போட்டுச்சு. கோதை வீட்டை நெனச்சுப் பாக்குறா. அண்ணன் நாடகக்காரனாம். இவ அடுக்களையில முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டே அவனுக்கு எதிர் வசனம் சொல்லுவாளாம். வசனத்துல எங்க நிறுத்தணுமோ அங்க டம்ளர்ல கரண்டியால தட்டி எண்ணுவாளாம், இந்த எடத்துல நாலு, இந்த எடத்துல அஞ்சுன்னு.

என் நாடகத்துல இதெல்லாம் கெடையாதும்மா. என் கோதை கீரையும் ஆயல, ஒண்ணும் ஆயல. அது எங்க வீடு.

எனக்கு ஒரு தங்கச்சி. தமயந்தி. எனக்கும் அவளுக்கும் பதிமூணு வயசு வித்தியாசம். அம்மா போனப்புறம் நான்தான் வளத்தேன். அவதான் எனக்கு எதிர் வசனம். கோதை வசனம் பூரா அவ வாயிலதான் முதல்ல வந்துச்சு. "அண்ணா, பொம்பளை இப்படிப் பேச மாட்டாண்ணா, இப்படிச் சொல்லிப் பாக்கட்டுமா?"ம்பா. சரியா இருந்தா எழுதிக்குவேன். ரெண்டு மூணு எடம் அப்படி எழுதினதுதான். கோதை பேசுறது பூராவும்னு வேணாலும் வெச்சுக்கங்க. ஆனா எழுதினது நான்.

அவளுக்கு மேடையேறணும்னு ஆசை. நான் கூடாதுன்னுட்டேன். வெளியிலேருந்து நடிகை வரும், கலாராணின்னு பேரு, அதுதான் அப்ப கோதை. ஊரான் வீட்டுப் பொண்ணு கூட நீ நடிக்கலாம், உன் வீட்டுப் பொண்ணு நடிக்கக் கூடாதான்னு நீங்க கேப்பீங்க. அவளும் கேட்டா. அந்தக் காலம் வேறம்மா. கூட வேலை பாக்குற அறுநூறு பேர் முன்னாடி என் தங்கச்சி பவுடர் பூசிக்கிட்டு நிக்கணுமா? மானம்னு ஒண்ணு இருக்குல்ல?

ரெண்டாயிரத்து ஒண்ணு, ஃபேக்டரி ஆண்டு விழா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு நாடகம். கலாராணிக்கு மஞ்சக் காமாலை. யாரும் எங்கிட்ட சொல்லல. சொன்னா ஷோவே வேணாம்னு நிறுத்திடுவேன்னு பயம். மன்றத்துச் செகரட்ரி நேரா எங்க வீட்டுக்குப் போய் தமயந்தியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். முதல் சீன் கோதை இல்லாத சீன். அது முடிஞ்சு ரெண்டாவது சீன்ல நான் நாற்காலியில உக்காந்திருக்கேன், "அண்ணா"ன்னு குரல் கேக்குது. திரும்பிப் பாக்குறேன். என் தங்கச்சி நிக்கிறா.

என்ன பண்ணுவேன்? அறுநூறு பேர் பாக்குறாங்க. எந்திரிச்சுப் போக முடியுமா? வசனத்தைச் சொன்னேன். அவளும் சொன்னா. அடுக்களையில சொல்ற மாதிரியேதான் சொன்னா, சத்தம் மட்டும் கொஞ்சம் கூட. கடைசியில பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாசப்படிக்குப் போனா. போனவ தாண்டல. அங்கயே முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுட்டா. ஸ்கிரிப்ட்ல அப்படி இல்ல. மேடையில அஞ்சு எண்ணுறதுக்குள்ள யாராவது பேசலேன்னா ஜனங்க இரும ஆரம்பிச்சுடுவாங்க. நான் எண்ணுனேன். பழக்க தோஷம், வாய்க்குள்ளேயே எண்ணுனேன். பதினொண்ணு. ஒருத்தன் இருமல. அப்புறம் தாண்டுனா.

கைதட்டு பிச்சுக்கிச்சு. நான் இன்னும் வசனமே சொல்லல. தட்டி முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் சொன்னேன், சாத்துனேன். படுதா விழுந்தப்ப என்னமோ நாலு பேர் தட்டுனாங்க.

அதுக்காகக் கோவம் இல்லம்மா. மானம். மானத்துக்காகத்தான் கோவம்.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி சொர்ணம் வெளக்கேத்திக்கிட்டிருந்தா. தமயந்தி முகத்தைக் கூடக் கழுவாம கூடத்துல உக்காந்திருந்தா. அவ்வளவு சந்தோஷம் அவ முகத்துல. "எப்படிண்ணா இருந்துச்சு?"ன்னு கேட்டா. ஒரே ஒரு கேள்வி. நான் நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம். நல்லாத்தான் இருந்துச்சு. நான் கண்டபடி பேசுனேன். அவளும் பேசுனா. "நான் போறேண்ணா, இனி இந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?"ன்னு அவ சொல்ல, அது கோதை சொல்ற வசனம்மா, அவளை அறியாம வந்துடுச்சு. எனக்கும் வாயில அடுத்ததுதான் வந்துச்சு. அறுபது ஷோ சொன்ன வாய்.

"போறவ போகட்டும். கதவைச் சாத்து."

நான் நிஜமாச் சொல்லலம்மா. வசனம். வசனம்னு அவளுக்குத் தெரியாதா? அவ எழுதிக் கொடுத்த வசனத்துக்குப் பதில் வசனம்தானே? ஆனா அவ உள்ள போய் ஒரு பையை எடுத்துக்கிட்டு வந்தா. கோதை நடக்குற மாதிரியே நடந்தா. வாசப்படியில நிக்கல. நான் நாலு எட்டு வெச்சுப் போய்ச் சாத்திட்டேன். சாத்திட்டு அங்கயே நின்னேன். சொர்ணம் வந்து கையைப் புடிச்சு உலுக்குனா, "என்னங்க, போய்க் கூப்பிடுங்க"ன்னு. எனக்கு அது காதுல விழுந்துச்சு, ஆனா நான் படுதா விழட்டும்னு நின்னுக்கிட்டிருந்தேன். வீட்டுல ஏதும்மா படுதா?

வருவா வருவான்னு இருந்தேன். அவதானே போனா, அவதானே வரணும்? ஈரோட்டுக்குப் பக்கத்துல, கோபியில ஏதோ ஸ்கூல்ல டீச்சரா இருக்கான்னு பின்னாடி கேள்விப்பட்டேன். லெட்டர் இல்ல. நானும் போடல. கல்யாணம் ஆச்சான்னு தெரியாது. நாடகத்தை மட்டும் நிறுத்தல. அதுக்கப்புறமும் முன்னூத்தி அம்பது தடவை அதே வசனத்தைச் சொல்லியிருக்கேன், அதே கதவைச் சாத்தியிருக்கேன். எப்படிங்க உங்களால முடியுதுன்னு சொர்ணம் ஒரு தடவை கேட்டா. தொழில்னேன்.

இப்பப் பாருங்க, தங்கச்சி எப்படி இருக்கான்னு நான் இந்தக் கதையிலதான் தெரிஞ்சுக்கிட்டேன். கோதைக்கு ரெண்டு பசங்கன்னு இருபத்திரெண்டாம் பாகத்துல வந்துச்சு. சரி, தமயந்திக்கு ரெண்டு பசங்கன்னு நெனச்சுக்கிட்டேன். ஸ்கூல் ஆண்டு விழாவுல பசங்களுக்கு நாடகம் சொல்லிக் கொடுக்குறா. சரி, நல்லது. முப்பத்தொம்பதாம் பாகத்துல கோதைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஞாபகம் இருக்கா? அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலம்மா. எபினேசரை அடுத்த பாகம் எப்படா வரும்னு தினமும் தொந்தரவு பண்ணுனேன். அவ பொழைச்சு வீட்டுக்கு வந்துட்டான்னு அவன் வாசிச்சப்ப, ஒத்திகையில எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் கண்ணுல தூசின்னேன்.

நாப்பத்தேழாம் பாகம் முடிவுல அவ போட்டிருந்தது நீங்களும் படிச்சிருப்பீங்க. "ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் நாடகம். நான் போய்ப் பார்க்கப் போகிறேன். கோதை வீடு திரும்புவாளா என்பது அன்றைக்கு மூத்தவன் கையில் இருக்கிறது. பார்த்துவிட்டுக் கடைசிப் பாகம்." என் கையில! இருபத்திமூணு வருஷம் கழிச்சு என் கையில கொடுத்துட்டா.

எபினேசர் சொன்னான், "அண்ணே, இந்த ஒரு தடவை சாத்தாதீங்கண்ணே." இப்ப கோதையா நடிக்கிற பொண்ணு ஷைலஜா, அது கேக்குது, "கதவு திறந்தே கெடந்தா அடுத்த சீன்ல தபால்காரர் எதை சார் தட்டுவாரு?" தட்டவே வேணாம், நேரா உள்ள வரட்டும்னேன். இருபத்தேழு வருஷத்துல முதல் தடவையா ஸ்கிரிப்டை மாத்துனேன். 'போறவ போகட்டும்'ங்கிறதையும் எடுத்தாச்சு. கோதை வாசப்படியைத் தாண்டுனதும் நான் நாலு எட்டு வெச்சுப் போய், கதவைப் புடிச்சுக்கிட்டு, "கோதை"ன்னு கூப்பிடணும். படுதா. அவ்வளவுதான். ஒரு வாரம் வீட்டுல ஒத்திகை பாத்தேன். எதிர் வசனம் சொல்ல ஆள் இல்ல, சொவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டேன்.

நேத்து ஹால் நெரம்பி வழிஞ்சுது. படுதா ஓட்டையில பாத்தேன், எந்த முகத்தையும் அடையாளம் தெரியல. பாத்தா மட்டும் தெரியுமா? போகும்போது அவளுக்கு இருபத்திநாலு.

ரெண்டாவது சீன். ஷைலஜா போச்சு. நான் நாலு எட்டு வெச்சேன். கதவுகிட்ட வந்து நின்னேன். 'கோதை'ன்னு சொல்லணும். வாயில 'தமயந்தி'ன்னு வருது. அதை முழுங்கிட்டு கோதைன்னு சொல்லலாம்னா கோதை வரல. லைட்டு கண்ணுல அடிக்குது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலம்மா. வாய் தேடிக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள இந்தக் கை, இதோ இந்த வலது கை, அதுபாட்டுக்குப் போய் ஒரே அடி.

சாத்திடுச்சு.

நான் சாத்தலம்மா. சத்தியமா நான் சாத்தல. நானூறு தடவை சாத்துன கை. வாய் வசனம் சொல்லலேன்னாலும் கைக்குத் தெரியும்ல, அடுத்து என்னன்னு? படுதா விழுந்துச்சு. வெளியில ஒரு சத்தம் இல்ல. நாற்காலி நகர்ற சத்தம் மட்டும் எங்கயோ கேட்டுச்சு. நான் டோப்பாவோட, மேக்கப்போட, பக்கவாட்டுப் படியில இறங்கி ஹால் வாசலுக்கு ஓடுனேன். தெருவுல ஸ்கூட்டரும் ஆட்டோவுமாப் போகுது. பொம்பளைங்க போறாங்க, வர்றாங்க. எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு விலகிப் போனாங்க. அடுத்த சீனுக்கு எபினேசர்தான் வந்து கூட்டிக்கிட்டுப் போனான். மிச்ச ரெண்டு சீனையும் போட்டு முடிச்சோம். தியாகம்.

வண்டி எங்க நிக்குது, மாயனூரா? கிராசிங் போட்டிருப்பான். சரி, இப்ப வாசிங்கம்மா. மெதுவா வாசிங்க. பரவால்ல, நீங்க முன்னாடியே படிச்சுட்டீங்க, உங்க கண்ணைப் பாத்தாலே தெரியுது. நான் தாங்கிக்குவேன்.

"கோதை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்." ம். மூணாவது வரிசை. சொல்லுங்க. "அண்ணனுக்கு வயதாகிவிட்டது. டோப்பா சரியாகப் பொருந்தவில்லை." ஆமா, அது பழசு. அது அவளுக்கு எதுக்கு, மேல வாசிங்க. "கதவருகே வந்து நின்றார். வசனம் சொல்லவில்லை. கோதை நாற்காலிக் கையில் விரலால் தட்டி எண்ணினாள். பதினொன்று."

கொஞ்சம் இருங்கம்மா. தண்ணி இருக்கா? இல்ல, வேணாம். வாசிங்க.

"பிறகு கதவு சாத்திக்கொண்டது. சாத்தியது அண்ணன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பதினொன்றும் எழுதி வைத்ததில் இல்லாதது. அது அவளுக்காக நின்றது. அது போதும் என்று கோதை எழுந்தாள். அவள் வீட்டில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். முற்றும்."

அவ்வளவுதானா? கீழ தள்ளிப் பாருங்க. அவ்வளவுதான்.

போதுமாம். யாருக்கும்மா போதும்? அவளுக்குப் போதும்னா எனக்கும் போதுமா? நான் எண்ணக்கூட இல்லம்மா, அவ எண்ணியிருக்கா. நாற்காலியில உக்காந்து எனக்கு எண்ணியிருக்கா. அப்படி எண்ணிட்டு எந்திரிச்சுப் போயிட்டா எப்படி? நாடகக்காரன்மா நான். ஒரு ஷோ சொதப்புனா அடுத்த ஊர்ல சரி பண்ணிக்குவோம். முற்றும்னு போட்டுட்டா அடுத்த ஷோ எங்க போடுறது?

என்ன சொன்னீங்க? யார் வேணாலும் எழுதலாமா? அவ கதைக்கு மேலயேவா? நான் எழுதுனா அவளுக்குத் தெரியுமா? மணி அடிக்குமா அவ போன்ல? அடிக்குமா!

இதையெல்லாம் நான் திருட்டுன்னு சொல்லிக்கிட்டிருந்தவன். எபினேசர் கேட்டா சிரிப்பான். சிரிக்கட்டும். எங்க அமுக்கணும்? நீங்களே அடிங்கம்மா, நான் சொல்றேன். பேரு கேக்குதா? நாகசுந்தரம்னு வேணாம். 'அண்ணா'ன்னு போடுங்க. அவளுக்குத் தெரியும்.

எழுதுங்க. வீட்டுக்கு மூத்தவன். காட்சி இரண்டு. கதவு திறந்திருக்கிறது. மூத்தவன் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து நிற்கிறான். போட்டீங்களா? கையை என்ன பண்றதுன்னா கேக்குறீங்க? ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கட்டும்.

இப்ப வசனம். மூத்தவன்னு போட்டு ரெண்டு புள்ளி வைங்க. "தமயந்தி." கோதை இல்லம்மா, தமயந்தின்னே போடுங்க. "தமயந்தி, அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டியே. உன்னை மாதிரி அந்த மேடையில யாரும் நடிச்சதில்ல. கைதட்டு பூரா உனக்குத்தான் வந்துச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

மானம்னு போடவா? வேணாம். மானமெல்லாம் வேணாம். இது போதும்.

கீழ கோதைன்னு போட்டு ரெண்டு புள்ளி வைங்க. அவ்வளவுதான். இல்லம்மா, ஒண்ணும் எழுதாதீங்க, அப்படியே காலியா விடுங்க. அடுத்த வசனம் என்னுது இல்ல. எதிர் வசனம் எப்பவும் அவதான் சொல்லுவா.

அனுப்பிட்டீங்களா? போயிடுச்சா? சரி.

எதுக்குப் பையை எடுக்குறீங்க? குளித்தலை வந்துடுச்சா? இருங்க, என் செருப்பு எங்க போச்சு. இல்லம்மா, எனக்குத் திருச்சிதான். இருந்தாலும் நானும் இறங்கிக்கிறேன். பதில் வந்தா உங்க போன்லதானே வரும்? கொஞ்ச நேரம் பிளாட்பாரத்துல உக்காருவோம். வண்டி போனாப் போகட்டும்.